தம்பி கொண்டு வந்த சீர்த்தட்டு

கோர்ட்டில் எல்லாரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: சத்தமாகப் பேசுங்கம்மா. என் வக்கீலம்மா சொன்னார், ஜட்ஜ் சொன்னார், டைப் அடிக்கிற பெண் சொன்னாள், எதிர்த்தரப்பு வக்கீல்கூடச் சொன்னார். அதுவரைக்கும் என் குரல் சத்தமாக யாருக்கும் தேவைப்பட்டதில்லை. திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிற வேலை எனக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை போலக் குவியும். துவைத்து, பிழிந்து, மொட்டை மாடியில் உலர்த்தி, மடித்து வைத்தால் சம்பளம். அதற்குப் பேச்சு எதற்கு?

என் தம்பி மேல் நான் போட்ட கேஸ் இது. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. பாதியில் நெல், பாதியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் வைப்பார். எதுவும் எழுதி வைக்காமல் அப்பா போய்ச் சேர்ந்தார். சில வருஷம் கழித்து அம்மாவும் போனாள். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். நிலம் தம்பி கையில் இருந்தது. நான் அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள். அந்த நிலத்தில் எனக்கும் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. வாடகை வீடு. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. லாட்ஜில் மெஷின் வாங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மகளை வேலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அங்கே போய் ஒண்டிக்கொள்ள மனசு வரவில்லை. ஒரு நாள் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"கெணத்தாண்ட மூணு சென்ட்டு குடுடா. ஒரு ரூமு போட்டுக்கினு கெடக்கறேன்."

தம்பி துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான். அவன் பெண்டாட்டிதான் உள்ளேயிருந்து பேசினாள்.

"கட்டிக் குடுத்த பொண்ணுக்கு நெலத்துல இன்னா பாத்தியத இருக்குது அண்ணி? வந்தீங்களா, ரெண்டு நாளு குந்தினு சாப்ட்டீங்களான்னு போங்க. உங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் ஜாஸ்தியாவே செஞ்சாச்சு."

"மழ முடியட்டும்க்கா, பாக்கலாம்" என்றான் தம்பி. நாலு மழை முடிந்தது.

மகள்தான் என்னைக் கோர்ட்டில் இருக்கிற இலவச சட்ட உதவிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெண் வக்கீலைக் கொடுத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கேஸ் கட்டுகளைக் கல்யாண வீட்டு மஞ்சள் பைகளில் வைத்திருப்பார். மத்தியானம் வராண்டாவில் நின்றபடியே தயிர் சாதம் சாப்பிடுவார். நான் மூணு சென்ட் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு சென்ட்டு பிச்சையாம்மா கேக்கறீங்க? அப்பா எழுதி வெக்காம போயிட்டாரு. பையனுக்கு எவ்ளோவோ, பொண்ணுக்கும் அவ்ளோதான். பாதி உங்களுது."

பாதி என்று நான் வாயால் கேட்டதில்லை. "அவ்ளோ வேணாங்க" என்றேன். "சட்டத்துல கம்மியா கேக்கறதுக்கெல்லாம் எடம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். இன்றைக்கு ஜட்ஜ் லீவு, இன்றைக்கு வக்கீல்கள் வேலை நிறுத்தம், இன்றைக்கு எதிர்த்தரப்பு டைம் கேட்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலையிலேயே போய் வராண்டாவில் உட்காருவேன். ஜீவனாம்சக் கேஸுக்கு வருகிற ஒரு பெண் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் உட்காருவாள். அந்தக் குழந்தை அந்த வராண்டாவில்தான் தவழ்ந்தது, அங்கேதான் நடை பழகியது. கடைசியில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து என் மடியில் தலைவைத்துத் தூங்கியது. கேஸ் முடிந்ததா என்று அவளை நானும் கேட்கமாட்டேன், என்னை அவளும் கேட்கமாட்டாள்.

தம்பி தரப்பில் பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வக்கீலம்மா தன் அறையில் அதைப் படித்துக் காட்டினார். எனக்குச் சேர வேண்டியதைச் சீராகவே கொடுத்து முடித்தாகிவிட்டது என்றும், அதோடு நிலத்தில் பங்கு இல்லை என்று குடும்பத்தில் பேசி நான் ஒத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தது. அடியில் ஒரு பட்டியல். என் மகள் வயசுக்கு வந்தபோது நடந்த மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் இருபத்தோரு தட்டு, பட்டுப்புடவை, முக்கால் சவரன் செயின்.

"இதெல்லாம் உண்மையாம்மா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

என் பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர்தான் துணைக்கு வந்தவர்.

"ஆமாங்க" என்றேன்.

"சரி. சீரு வேற, பங்கு வேற. இதோட பங்கு முடிஞ்சுதுன்னு நீங்க எப்பனா சொன்னீங்களா?"

"இல்லைங்க. அப்படி ஒரு பேச்சே நடக்கல."

"அது போதும்" என்று கட்டை மூடினார்.

அந்தச் சீர் வந்த கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா போன மறு வருஷம் அது. மழை இல்லை. தம்பி வீட்டுக் கிணறு வறண்டுவிட்டது. மகள் வயசுக்கு வந்து ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்த மூன்றாம் நாள் அம்மா மட்டும் வந்தாள். பஸ் ஸ்டாப்பிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையன் வெறுங்கையோட வர்றான்டி. வராம இருந்துடறேன்றான். நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

பொறந்த வீட்டுத் தட்டை எங்கள் மாமியாரும் நாத்தனாரும் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அதில் ஒன்று குறைந்தால் அந்தப் பேச்சு சாகிற வரைக்கும் ஓயாது. நான் என் ஜிமிக்கியைத் தேரடித் தெருவில் ஒரு கடையில் போட்டுச் செயின் வாங்கினேன். புடவையும் வெள்ளிக் கொலுசும் வீட்டுக்காரர் வாங்கினார். பழம், பூ, வளையல், மாவுப் பண்டம் எல்லாம் வாங்கித் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலை ஒட்டியிருந்த சைக்கிள் கடைக்குள் மூட்டையாக வைத்துவிட்டோம். "ஊருக்குத் தெரிய வேணாம்" என்று வீட்டுக்காரர் ஒரு தடவைதான் சொன்னார். அதன் பிறகு அவர் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தம்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா அவனைச் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போய்த் தட்டுகளை அடுக்கினாள். மேளக்காரர்கள் முன்னால் அடிக்க, தம்பி புடவைத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் பார்க்க நடந்து வந்தான். போட்டோக்காரர் படம் எடுத்தார். தம்பி தட்டை என் கையில் கொடுத்தபோது, நான் வாங்கிய புடவையை நானே பிரித்துப் பார்த்து, "எதுக்குடா இவ்ளோ?" என்று கேட்டேன். என் மாமியார் அன்றைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. உன் காதில் ஜிமிக்கி எங்கே என்று மட்டும் கேட்டாள். தட்டானிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

அந்தப் போட்டோவில் ஒரு பிரதி போட்டுத் தம்பிக்கு நான்தான் கொடுத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னை விசாரித்த நாள் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். முந்தின இரண்டு நாளும் துவைத்ததில் விரல் நுனியெல்லாம் ஊறிப்போய்ச் சுருங்கிக் கிடந்தது. கூண்டில் ஏறிச் சத்தியம் சொன்னேன். எதிரே பெஞ்சில் தம்பி, பக்கத்தில் அவன் பெண்டாட்டி, பின்னால் அவர்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர். மருமகன் கதவோரம் நின்றிருந்தார். வக்கீல் மரியாதையான ஆள். அந்தப் போட்டோவை என்னிடம் நீட்டினார்.

"இது யாரும்மா?"

"என் தம்பிங்க."

"சத்தமா சொல்லுங்க. கையில என்ன?"

"சீர்த்தட்டுங்க."

"சீரு யாரு கொண்டு வந்தது?"

பெஞ்சில் தம்பி குனிந்துகொண்டான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என் பொறந்த வீட்டைப் பற்றி நாலு பேர் எதிரில் ஒருவர் கேட்டால் நான் என்றைக்கும் என்ன சொல்வேனோ, அதைத்தான் சொன்னேன்.

"என் தம்பிதாங்க. மேளத்தோட வந்தான்."

"செயின் போட்டாரா?"

"போட்டான். வெள்ளிக் கொலுசும் போட்டான்."

வக்கீல் தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் கொலுசு இல்லை. ஜட்ஜைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"அப்ப பொறந்த வீட்டுல உங்களுக்கு ஒரு கொறையும் வெக்கல."

"வெக்கலைங்க."

அந்த ஒரு சொல்லை மட்டும் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. டைப் அடிக்கிற பெண் திருப்பிக் கேட்கவில்லை.

வராண்டாவுக்கு வந்ததும் வக்கீலம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார். மருமகன் டீ வாங்கப் போயிருந்தார்.

"ஏம்மா, கொலுசு அவங்க லிஸ்ட்டுலயே இல்ல. நீங்களா எடுத்துக் குடுத்துட்டு வர்றீங்க?"

அப்போதுதான் சொன்னேன். ஜிமிக்கி, சைக்கிள் கடை, பஸ் ஸ்டாப்பில் அம்மா, எல்லாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத ஏம்மா மொதல்லயே எங்கிட்ட சொல்லல?"

"மாப்ள இருந்தாருங்க."

அவர் டப்பாவைப் பைக்குள் வைத்தார். பிறகு, "புருஷன் அடிச்சான்னு சொல்லுவாங்க, சோறு போடலன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிடுவாங்கம்மா. அண்ணன் தம்பி ஒண்ணும் செய்யலன்னு மட்டும் ஒருத்தி வாயத் தொறந்து சொல்லமாட்டா. இதோட எனக்கு எத்தனையாவது கேஸோ" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சீர் கொடுத்ததால் மட்டும் பங்கு போய்விடாதாம். ஆனால் குடும்பத்தில் பேசி முடித்தோம் என்று அவர்கள் சொல்வதற்கு என் வாயாலேயே பலம் கொடுத்துவிட்டேன், இப்படியே விட்டால் மூணு சென்ட்கூட நிச்சயமில்லை என்றார். ஒரே வழி, மறுபடியும் கூண்டில் ஏறி, அன்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அதற்கு மனு போட்டார். அந்த மனுவுக்கே எட்டு மாசம் ஆனது.

அந்த எட்டு மாசத்தில் மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. வேலூரிலிருந்து வந்திருந்தாள், நான் பருப்பு வேகவைத்துக்கொண்டே சொன்னேன். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அந்தச் செயினை அவள் கழற்றியதே இல்லை.

"அப்ப இது உன் ஜிமிக்கியாம்மா?"

"ம்."

"எங்க மாமியாகிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன், எங்க மாமா போட்டதுன்னு. இப்ப அவங்க எதிர்ல எப்படிம்மா நான் முழிக்கறது?"

பருப்பு பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதைத் துடைத்தோம். அவள் சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள். நான் இரண்டாம் தடவை கூண்டில் ஏறிய அன்று பார்த்தால், கதவோரம் மருமகன் நிற்கிற இடத்தில் அவள் நின்றிருந்தாள்.

எதிரே அதே பெஞ்ச், அதே ஆட்கள். வக்கீலம்மா போட்டோவைக் கொடுத்துக் கேட்டார்.

"இந்தச் சீர யாரும்மா வாங்குனது?"

"நானும் எங்க வீட்டுக்காருங்க."

"சத்தமா" என்றார் ஜட்ஜ்.

"நானும் எங்க வீட்டுக்காருங்க."

"கேக்கலைங்கம்மா" என்றாள் டைப் அடிக்கிற பெண். அவள் பொய் சொல்லவில்லை, எனக்கே என் குரல் கேட்கவில்லை. மூன்றாம் தடவை சொன்னேன். "நாங்கதாங்க வாங்குனோம். என் தம்பி ஒண்ணும் கொண்டு வரல. வெறுங்கையோட வந்தான்."

தம்பி பெண்டாட்டி ஏதோ முணுமுணுத்தாள், கோர்ட் டவாலி அவளை அதட்டினார்.

"செயின் எப்படி வாங்குனீங்க?"

"என் ஜிமிக்கியப் போட்டு வாங்குனேன்."

வக்கீலம்மா போட்டோவை ஜட்ஜிடம் நீட்டினார். தட்டை வாங்குகிற என் காதில் வெறும் தோடு மட்டும் இருந்தது. என் கல்யாணப் போட்டோவையும் கொடுத்தார். அதில் தோட்டுக்குக் கீழே ஜிமிக்கி தொங்கியது. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் மாமியார் கேட்டதைத்தான் அவரும் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "சத்தியம் பண்ணிட்டு அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. எதும்மா பொய்?"

"அன்னிக்கு சொன்னதுதாங்க."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"முப்பது வருஷமா அதத்தாங்க சொல்லிக்கினு இருந்தேன். கேட்டதும் அதான் வந்துச்சு."

"இப்ப நெலத்துக்காக மாத்தி சொல்றீங்க."

"ஆமாங்க" என்றேன். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. "நெலத்துக்காகத்தாங்க சொல்றேன். இல்லன்னா சொல்லியிருக்கமாட்டேன்."

ஜட்ஜ் அதை அப்படியே டைப் அடிக்கச் சொன்னார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி தன் ஆட்களை விட்டுவிட்டுத் தனியாக வந்தான். அவனுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. செருப்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இன்னாக்கா, ஊர்க்காரங்க எதிர்ல இப்படி சொல்லிட்டியே."

"நீ எழுதிக் குடுத்திருக்கியேடா."

"வக்கீலு கேட்டாரு, அக்காவுக்கு இன்னா இன்னா செஞ்சேன்னு. ஊர்ல சொல்றதத்தான் சொன்னேன்." கொஞ்சம் நின்றான். "அந்தப் போட்டோ எங்கூட்டு செவுத்துல எத்தினி வருஷமா மாட்டிக் கெடக்குது. பாத்துப் பாத்து நான் வாங்குனதுதான்னே ஆயிப்போச்சுக்கா."

அவன் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாவுது, போ" என்றேன்.

தீர்ப்பு அடுத்த வருஷம் வந்தது. பாதி எனக்கு. வக்கீலம்மா போனில் சொன்னபோது நான் மொட்டை மாடியில் பெட்ஷீட் பிழிந்துகொண்டிருந்தேன். "சரிங்க" என்றேன். "சந்தோஷமா இல்லையாம்மா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றேன். அந்தப் பாதி கைக்கு வரவே இன்னும் ஒரு மனு போட வேண்டுமாம், கோர்ட் கமிஷனர் வந்து அளந்து பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். மேல் கோர்ட்டுக்குப் போகப்போவதாகத் தம்பி தரப்பில் பேச்சும் இருந்தது.

போன மாசம் அளந்தார்கள். கோர்ட் அனுப்பிய வக்கீல் ஒருவரும் சர்வேயரும் வந்தார்கள். காலையிலிருந்து வரப்பில் நின்றேன். கிணற்றைப் பொதுவில் விட்டு, கிழக்குப் பக்கம் எனக்கு என்று குறித்துக்கொண்டார்கள். கல் இன்னும் நடவில்லை. மத்தியானம் தம்பி வீட்டிலிருந்து சர்வேயருக்கும் மற்றவர்களுக்கும் சாப்பாடு வந்தது. எனக்கு வரவில்லை. தம்பி என் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டான். வக்கீலம்மா தன் தயிர் சாதத்தில் பாதியைக் கொடுத்தார், எனக்கு இறங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாளி இல்லை.

அடி அண்ணாமலையில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழ்பென்னாத்தூர் போய்வந்தால் எப்போதும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"இன்னாக்கா, தம்பி ஊட்ல இன்னா சாப்பாடு?"

இத்தனை வருஷமும் அவளுக்கு நான் சொல்லாத பதார்த்தம் இல்லை. வடை போட்டார்கள், பாயசம் வைத்தார்கள், கோழி அடித்தார்கள். அன்றைக்கும் வடை என்றுதான் முதலில் வாய்க்கு வந்தது.

"போடலம்மா" என்றேன். "தண்ணி கூடக் குடுக்கல."

அவள் முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே போய் உலை வைத்தேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அவள் சத்தமில்லாமல் வந்து ஒரு கிண்ணம் குழம்பை அம்மி மேல் வைத்துவிட்டுப் போனாள்.